ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம்

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஒரு காட்சியைக் காண்கிறேன். முதலாண்டு மாணவர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் முதல் முறையாக நுழைவார்கள். மேசைமேல் ஒரு கண்ணாடி முப்பட்டகம் இருக்கும். "எடுத்துப் பாருங்கள்" என்பேன். சிலர் உடனே எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, வண்ணங்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். சிலரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அப்படி நின்ற மாணவி ஒருத்தியை என்னால் மறக்க முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவள். ஒளிவிலகல் எண்ணுக்கான சூத்திரத்தைக் கேட்டேன். ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். "சரி, முப்பட்டகத்தை எடம்மா" என்றேன். எடுக்கவில்லை. "உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு சார். நான் இதையெல்லாம் தொட்டதே இல்ல" என்றாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

இந்தப் பயம் கல்லூரி வாசலில் பிறந்ததா? இல்லை. பதினேழு வயதில் தெரியும் பயத்துக்கு விதை ஆறு வயதில் விழுந்திருக்கிறது. அது எங்கே விழுகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் இங்கே உங்களோடு பேச விரும்புகிறேன்.

பூட்டிய பெட்டி

நான் குடியிருப்பது திருச்சிராப்பள்ளியை அடுத்த கைலாசபுரத்தில். பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலைக்காக 1960-களில் உருவான நகரியம் இது. அகலமான சாலைகள், மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் உண்டு. மின்நிலையங்களுக்கு வேண்டிய மாபெரும் கொதிகலன்கள் பக்கத்து ஆலையில் உருவாகின்றன. ஆனால் நகரியத்தின் எல்லையைத் தாண்டி மிதிவண்டியில் சிறிது தூரம் போனால் போதும். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்தும் சிறிய தொடக்கப் பள்ளிகளைக் காணலாம். கட்டட வேலைக்கும், பட்டறைகளுக்கும், வயலுக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

அப்படி ஒரு பள்ளிக்குச் சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். முதல் நாள் தலைமை ஆசிரியை ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பெட்டி. அதனுள் குவிலென்சு, காந்தங்கள், வெப்பமானி எல்லாம் காகிதம் சுற்றியபடி புத்தம் புதிதாக இருந்தன. "பத்திரமா வச்சிருக்கோம் சார்" என்றார். அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஒன்று உடைந்தால் தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். பொருள் உடையாமல் இருந்தால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குழந்தை தொடாமல் இருந்தால்? அதற்கும் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்! குழந்தைகள் தொட்டார்களா என்பதை எழுதிவைக்க எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லையே.

நம் நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு விஞ்ஞானக் கருவிகள் கொடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1987-ல் மத்திய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில், வகுப்பறை, ஆசிரியர், கரும்பலகை, நூல்கள் ஆகியவற்றோடு விஞ்ஞானக் கருவிப் பெட்டியும் தொடக்கப் பள்ளிக்குக் கட்டாயத் தேவை என்று சேர்க்கப்பட்டது. பெட்டி வந்தது. பெட்டிக்கும் குழந்தையின் கைக்கும் இடையில் ஒரு பூட்டு இருந்தது.

ஒரு வகுத்தல் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வகுப்பில் 40 குழந்தைகள். பாடவேளை 40 நிமிடம். லென்சு ஒன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஒரு நிமிடம். அதிலும் கைமாற்றும் நேரம், "தள்ளு, தள்ளு" என்று இடிபடும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால் அரை நிமிடம் மிஞ்சினால் பெரிது. முன்வரிசையில் இருக்கும் துணிச்சல்காரன் இரண்டு முறை பார்ப்பான். பின்வரிசையில் இருக்கும் கூச்சமுள்ள சிறுமியிடம் வருவதற்குள் மணி அடித்துவிடும்.

லென்சுகள் பத்து இருந்தால்? நான்கு பேருக்கு ஒன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் பத்து நிமிடம். ஆளுக்கொன்று இருந்தால் நாற்பது நிமிடமும் அந்தக் குழந்தைக்கே சொந்தம்.

என் கருத்து முழுவதும் இந்த வகுத்தல் கணக்கில் அடங்கிவிடுகிறது. விலை உயர்ந்த கருவி ஒன்றைவிட, விலை குறைந்த கருவி நாற்பது மேல். ஏழைக் குழந்தைக்கு முதலில் வேண்டியது நவீன ஆய்வுக்கூடம் அல்ல. ஒரு பொருளைத் தன் கையில் வைத்துக்கொண்டு, திருப்பி, குலுக்கி, தவறு செய்து, வேண்டுமானால் உடைத்தும் பார்ப்பதற்கான நேரமே அதற்கு முதலில் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த நேரம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு பொம்மைக் காரைப் பிரித்துப்போட்டால் இன்னொன்று வரும். மற்றப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. பள்ளியும் "தொடாதே" என்று சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை எங்கே போகும்?

முறை கிடைத்தவர்கள்

"மேதைகள் எந்த வறுமையிலும் முளைத்து வருவார்கள், மைக்கேல் ஃபாரடே வரவில்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஃபாரடேயின் கதையைச் சற்று உற்றுப் பாருங்கள். 1791-ல் பிறந்த அவர் ஒரு கொல்லரின் மகன். சிறு வயதிலேயே லண்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த நூல்களை வேலை நேரம் போகப் படித்தார். படித்ததைக் கடையிலேயே செய்து பார்க்கவும் அனுமதித்தார் அவருடைய முதலாளி. அந்த அனுமதியை மறந்துவிட்டு 1831-ன் மின்காந்தத் தூண்டலை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். சர் சி. வி. ராமன் 1888-ல் பிறந்தது திருவானைக்காவலில். கைலாசபுரத்திலிருந்து பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். அவருடைய தந்தை கல்லூரி ஆசிரியர்; வீட்டில் நூல்கள் இருந்தன. பிறகு கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக வேலை பார்த்தபோதும், 1907 முதல், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அவர் போய் ஆராய்ச்சி செய்ய ஓர் ஆய்வுக்கூடம் திறந்திருந்தது. மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்தான் அது. அந்தக் கதவு பூட்டியிருந்தால் 1928-ல் ராமன் விளைவு எங்கிருந்து வந்திருக்கும்?

ஆகவே, மேதைக்கும் ஒரு முறை வேண்டும். முறை கிடைக்காமலே போன ஃபாரடேக்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட நம்மிடம் கருவி இல்லை.

பட்டதாரியும் பல்பும்

தொடாமல் படிப்பதால் வரும் நஷ்டம் ஏழைப் பள்ளிகளோடு நின்றுவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் 1997-ல் ஒரு விவரணப் படம் வெளியாயிற்று. புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று அங்கியோடு வெளியே வந்தவர்களிடம் ஒரு செல், ஒரு பல்பு, ஒரு கம்பி ஆகியவற்றைக் கொடுத்து, "எரிய வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள். பலர் தடுமாறிப்போனார்கள்!

நீங்களே முயன்று பாருங்கள். இழை உள்ள பழைய டார்ச் பல்பு, 1.5 வோல்ட் செல், இரு முனைகளிலும் உறை நீக்கிய ஒரே ஒரு கம்பி போதும். பல்பின் அடி நுனியைச் செல்லின் குமிழ்மேல் வையுங்கள். கம்பியின் ஒரு முனை பல்பின் உலோகக் கழுத்தைத் தொட வேண்டும். மறுமுனை செல்லின் அடிப்பாகத்தைத் தொட வேண்டும். பல்பு எரியும். மின்சாரத்துக்கு முழுச் சுற்று வேண்டும் என்பதும், பல்புக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதும் அந்த நொடியில் விளங்கிவிடும்.

இன்று கடைகளில் இழை பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டது. வெள்ளை எல்.இ.டி. வாங்கினால் அதற்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஆகவே இரண்டு செல்களை வரிசையாக இணையுங்கள். எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எரியாது. ஏன் எரியவில்லை என்ற கேள்வியோடு அடுத்த பாடம் தொடங்கிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: பொத்தான் வடிவச் செல்களைச் சிறு குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது. விழுங்கிவிட்டால் பேராபத்து. வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகவும் கூடாது.

குப்பையிலிருந்து ஆய்வுக்கூடம்

"நாற்பது கருவிகளுக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு உலகம் முன்பே விடை கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் இடிந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக 1948-ல் யுனெஸ்கோ ஒரு கைநூல் வெளியிட்டது. அங்கங்கே கிடைக்கும் எளிய பொருள்களைக்கொண்டே சோதனைகள் செய்வது எப்படி என்று அது விளக்கியது. அதுவே வளர்ந்து 1956-ல் பெரிய நூலாகி, பல மொழிகளுக்கும் சென்றது. இடிபாடுகளுக்கு நடுவே நடந்தது நம் ஊரில் நடக்காதா?

நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் குழு குழுவாக உட்கார்ந்து, மலிவான கருவிகளால் தாங்களே சோதனை செய்து, தாங்களே முடிவு எழுதினார்கள். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்முறையும் உண்டு. பின்னர் பல மாவட்டங்களுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆனால் அது காட்டிய வழி நிற்கவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978-ல் அங்கே போனபோதுதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து உருவங்கள் அமைக்கும் யோசனையைப் பெற்றார். அவர் செய்துகாட்டிய குப்பைப் பொம்மைகள் இன்று உலகெங்கும் குழந்தைகள் கையில் இருக்கின்றன.

நாங்கள் சனிக்கிழமைகளில் செய்வதும் இவ்வளவுதான். ஒரு மெல்லிய கம்பியை ஆணியில் சுற்றி வளையமாக்கி, தண்ணீரில் தோய்த்து எடுத்தால், வளையத்தில் நிற்கும் துளி ஒரு லென்சு. செய்தித்தாள் எழுத்தின்மேல் பிடித்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். மெல்லத் தட்டிப் பாதித் தண்ணீரைச் சிந்திவிட்டால் அதே எழுத்து சிறிதாகத் தெரியும். குவிலென்சு குழிலென்சாக மாறிவிட்டது! இது உடைந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? தொட்டியில் இன்னொரு முறை தோய்த்தால் தீர்ந்தது. 40 குழந்தைகளுக்கும் 40 லென்சுகள். பதிவேட்டில் ஏற்ற வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை.

தேங்காய்ச் சிரட்டைகள் இரண்டும் ஒரு குச்சியும் தராசாகும். ஈரத்துணியில் முளைகட்டிய பச்சைப்பயறைச் சிரட்டை மண்ணில் நட்டு, தளிர் வந்ததும் சிரட்டையைச் சாய்த்து வைத்தால், தளிர் மீண்டும் வானத்தை நோக்கி வளைவதை ஓரிரு நாளில் பார்க்கலாம். மரத்தடி நிழலில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சம் இலைகளின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம் என்பதை அட்டையில் ஊசித்துளை போட்டு நிரூபிக்கலாம். துளை வழியே கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கக் கூடாது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழும் பிம்பத்தையே பார்க்க வேண்டும்.

அவர்கள் கொண்டுவரும் அறிவு

இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, நாம் போய்க் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனவன்தான் நான். முதல் மாதத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் உலோக வேலைப் பட்டறைகள் நிறைய உண்டு. நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "சார், எங்கப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வெல்டிங் வைப்பாரு. நான் பாத்தா திட்டுவாரு. அந்த வெளிச்சத்துல அப்படி என்ன சார் இருக்கு?" என்று கேட்டான். புற ஊதாக் கதிரைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை என் கல்லூரி வகுப்பில் நான் கேட்டதில்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரிந்த சிறுமி, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடிப்பதைச் செய்துகாட்டினாள். காற்றுக்கு இடம் வேண்டும் என்ற பாடத்தை அன்று அவளே நடத்தினாள்.

இவர்களுடைய கைகள் ஏற்கெனவே வேலை அறிந்த கைகள். பள்ளிக்குள் நுழைந்ததும் அந்தக் கைகளைக் கட்டிவைத்து, வாயை மட்டும் ஒப்பிக்கச் சொல்கிறோம். பிறகு "பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஏறவில்லை" என்கிறோம்.

"முதலில் எழுதப் படிக்க வரட்டும், சோதனை எல்லாம் பிறகு" என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. ஓராசிரியர் பல வகுப்புகளைச் சமாளிக்கும் இடத்தில் அவர்களுடைய கவலை உண்மையானது. ஆனால் எழுதுவதற்கு ஏதாவது இருந்தால்தானே குழந்தை எழுதும்? "என் பயறு முளைத்தது. பக்கத்துப் பயறு முளைக்கவில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை." மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று யார் சொல்லியும் எழுதாமல் தானாக எழுதிய மூன்று வாக்கியங்கள் இவை. எழுத்தும் இருக்கிறது, விஞ்ஞானமும் இருக்கிறது. இரண்டையும் நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

இனி என்ன செய்யலாம்?

2022 நவம்பர் 28 அன்று தமிழக அரசு 'வானவில் மன்றம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடக்க விழா நடந்தது கைலாசபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள காட்டூர் பாப்பாக்குறிச்சிப் பள்ளியில். 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் மாணவர்களிடம், கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களை எடுத்துச் சென்று செய்துகாட்டுவதும் செய்யவைப்பதும் அதன் நோக்கம். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆயினும் அது ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. 'தொடாதே' என்ற சொல் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறதே! இத்தகைய திட்டம் ஒன்றாம் வகுப்புக்கும் இறங்கிவர வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள், அதிகாரிகளுக்கு. தொடக்கப் பள்ளிக் கருவிகளை உடையக்கூடிய பொருள்கள் என்றே கணக்கில் வையுங்கள். சாக்கட்டி தீர்ந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. லென்சு உடைந்தாலும் அப்படியே இருக்கட்டும். ஆண்டு இறுதியில் பெட்டி புத்தம் புதிதாக இருந்தால் அன்றைக்குக் கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள், மாணவ நண்பர்களே, உங்களுக்கு. நீங்கள் எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படிக்கிறீர்கள். உங்கள் தெருவில் அல்லது பக்கத்து ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். உங்கள் ஆசிரியரையும் அந்தப் பள்ளியின் ஆசிரியரையும் கேட்டு, மாதம் ஒரு நாள் போங்கள். நான்கு குழந்தைகளுக்கு நீங்கள் ஒருவர். கம்பி, சிரட்டை, பயறு, பழைய அட்டைப்பெட்டி இவை போதும். இரண்டு விதிகளை மட்டும் கடைப்பிடியுங்கள். ஒன்று, சோதனையை நீங்கள் செய்துகாட்டாதீர்கள். உங்கள் கை பின்னால் இருக்கட்டும், குழந்தையின் கை முன்னால் இருக்கட்டும். இரண்டு, விடையைச் சொல்ல அவசரப்படாதீர்கள். தவறாகச் செய்தால் இன்னொரு முறை செய்யவிடுங்கள்.

முதல் சனிக்கிழமை, கம்பி வளையத்தை நீட்டியபோது, ஒரு சிறுமி கையை நீட்டாமல், "தொடலாமா சார்?" என்று கேட்டாள். என் கல்லூரி மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது. "தொடத்தான்மா குடுக்கிறேன்" என்றேன். அன்று மணி அடித்த பிறகும் அவள் வளையத்தைத் திருப்பித் தரவில்லை. வீட்டில் தம்பிக்குக் காட்ட வேண்டுமாம். கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

அந்த மாதிரி ஒரு கேள்வி உங்கள் ஊரிலும் ஒரு குழந்தையின் வாய்க்குள் காத்திருக்கிறது. நீங்கள் போய் அதற்குப் பதில் சொல்லுங்கள்.